பன்னிரண்டு மணி நேரக் கடலா, மூன்று மணி நேரக் கடலா?

கடற்கரை விடுமுறைக்கு இடம் தேடுகிறவர்கள் முதலில் படங்களைப் பார்க்கிறார்கள். எந்தக் கடல் அதிக நீலம், எந்த மணல் அதிக வெண்மை என்றே மனம் ஓடும். நான் இப்போதெல்லாம் முதலில் போடுவது நேரக் கணக்கை.

பன்னிரண்டு மணி நேர விமானம் பன்னிரண்டு மணி நேரத்தோடு முடிவதில்லை. விமான நிலையத்தில் முன்கூட்டியே காத்திருப்பது, இடையில் விமானம் மாறுவது, குடியேற்றச் சோதனை வரிசை, அங்கிருந்து விடுதிக்கு வண்டி என்று வாசலிலிருந்து வாசலுக்கு இருபது மணி நேரம் ஆகிவிடும். போக வர நாற்பது. ஒரு வாரத்தில் இருப்பதே 168 மணி நேரம்தான்; கிட்டத்தட்ட கால்வாசி கரைந்துவிட்டது. மூன்று மணி நேரத்தில் எட்டும் கடலுக்கு இதே கணக்குப் போட்டால் போக வரப் பதினைந்து மணி நேரம் வரும், பத்தில் ஒரு பங்குகூட இல்லை. (இறங்கிய பிறகு இரண்டு படகும் ஒரு வளைந்த மலைப்பாதையும் பாக்கி வைத்திருக்கும் 'பக்கத்து' தீவுகளும் உண்டு. அவற்றைப் பக்கம் என்று நான் ஒப்புக்கொள்வதில்லை.)

ஆனால் எத்தனை மணி நேரம் பறக்கிறோம் என்பதைவிட எந்தத் திசையில் பறக்கிறோம் என்பதுதான் உடலுக்குத் தெரிகிறது. டோக்கியோவிலிருந்து ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸுக்கும் ஹவாயின் ஹொனலுலுவுக்கும் பறக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றே, ஏழு மணி நேரத்தை ஒட்டியது. கெய்ன்ஸ் தெற்கே இருப்பதால் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றினால் போதும். ஹொனலுலு கிழக்கே, தேதிக் கோட்டுக்கு அப்பால் இருக்கிறது. இரவு விமானம் ஏறியவர் அதே தேதியின் காலையில் இறங்குகிறார். உடலுக்கு அது ஐந்து மணி நேரம் முன்னால் தள்ளப்பட்டதற்குச் சமம். பெரும்பாலோரின் உடல் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீண்ட சுற்றில் ஓடுகிறது. அதனால் நாளை நீட்டும் மேற்குப் பயணத்தை அது பொறுத்துக்கொள்ளும், நாளைச் சுருக்கும் கிழக்குப் பயணத்தில் முரண்டு பிடிக்கும். ஒரு மணி நேர வேறுபாட்டுக்கு ஒரு நாள் தேவை என்பது பொதுவான கணிப்பு. ஆறு மணி நேர வேறுபாடுள்ள கடற்கரைக்கு நான் ஒரு முறை ஐந்தே நாளுக்குப் போனேன், அதுவும் சுலபமான மேற்குத் திசையில். அதிகாலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு இருட்டில் அலைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தேன். கடல் பளபளத்த மாலை வேளைகளில் தூங்கி வழிந்தேன். உடல் ஒருவாறு வழிக்கு வந்த நாளில் பெட்டி கட்ட வேண்டியிருந்தது.

அப்படியானால் நெடுந்தூரமே வேண்டாமா? குளிர்காலத்தில் வேண்டும். பக்கத்துக் கடல்கள் பெரும்பாலும் நம் ஊரின் அதே பருவத்தில் இருப்பவை. ஐரோப்பாவில் இருப்பவர் ஜனவரியில் மத்தியதரைக் கடலில் இறங்கினால் நீர் 15 டிகிரியை ஒட்டியே இருக்கும். காலை நனைத்துவிட்டுக் கரையேற வேண்டியதுதான். செப்டம்பரில் கதை வேறு. கடல் மெல்லச் சூடாகி மெல்லக் குளிர்வது. பகல் மிக நீண்டிருக்கும் ஜூனைவிட ஆகஸ்டிலும் செப்டம்பரிலும்தான் வட அரைக்கோளத்துக் கடல்நீர் வெதுவெதுப்பாக இருக்கிறது, செப்டம்பரில் கூட்டமும் கலைந்திருக்கும். அதே செப்டம்பரில் கரீபியன் தீவுகளுக்கு டிக்கெட் மலிவாகத் தெரிந்தால் மகிழ்ந்துவிட வேண்டாம். ஜூன் முதல் நவம்பர் வரை நீளும் அட்லாண்டிக் சூறாவளிப் பருவத்தின் உச்சம் அந்த மாதம்தான்.

தூரத்துக்கு என்னை இழுக்கும் இன்னொன்று பவளப்பாறை. மாலத்தீவின் வெண்மணலில் பெரும்பங்கு கிளிமீன்கள் பாறையைக் கொறித்துத் தின்று வெளியேற்றியது. அந்த மீன்களோடு நீந்த வேண்டுமென்றால் அவை இருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். ஸ்கூபா செய்பவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல். பல முறை மூழ்கியவர் விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விட வேண்டும் என்பது வழிகாட்டு விதி. அதாவது கடைசி நாள் கரையில்தான். நான்கு நாள் பயணத்தில் அது கால்வாசி இழப்பு, பன்னிரண்டு நாளில் பெரிதாகத் தெரியாது.

செலவிலும் இதே கதைதான். தொலைதூர டிக்கெட் ஒரே அடியாகக் கையைக் கடிக்கும், ஆனால் தங்கும் இரவுகள் கூடக்கூட அது பரவலாகிவிடும். பக்கத்துக் கடலில் டிக்கெட் சின்னது, பருவத்தில் அறை வாடகைதான் தினமும் கடிக்கும். கரியமில வாயுக் கணக்கில் மட்டும் பேரம் இல்லை, தூரம் கூடினால் அதுவும் கூடும்.

இந்த ஆண்டு எனக்குக் கிடைத்திருப்பது செப்டம்பரில் ஐந்து நாள். மூன்று மணி நேரத்துக்கு மேல் காட்டும் விமானங்களைத் தேடலிலிருந்தே நீக்கிவிட்டேன். கிளிமீன்களுக்கு இரண்டு வார விடுப்பு ஒன்று சேர வேண்டும். அதற்கும் வடக்கு தெற்காகப் போகும் வழி ஏதாவது இருக்கிறதா என்று வரைபடத்தைத் திறந்து வைத்திருக்கிறேன்.