டிஸ்பென்சரி வைத்தியருக்கு எந்தக் காப்புறுதி?

கல்லடியில் டிஸ்பென்சரி நடத்துகிறேன். சிகிச்சையில் பிழை என்று நோயாளி நட்டஈடு கேட்டால் கைகொடுக்கும் தொழில்சார் பொறுப்புக் காப்புறுதியின் புதுப்பிப்புக் கடிதம் இந்த வருடமும் கூடின தொகையோடு வந்தது. களுவாஞ்சிக்குடி நண்பர் வேறொரு பொலிசிக்கு மாறச் சொன்னார்: “மச்சான், பாதிக் காசுக்குத் தாறான், என்னத்துக்கு யோசிக்கிறாய்?”

நண்பருடையது ‘கோரிக்கை அடிப்படை’. நோயாளி நட்டஈடு கேட்கும் நாளில் பொலிசி உயிரோடு இருக்க வேண்டும். முதல் வருடம் மலிவு, ஏனென்றால் அந்த ஒரு வருட நோயாளருக்கு மட்டுமே கம்பனி பொறுப்பு. பழைய நோயாளர் சேரச் சேரக் கட்டணம் படியேறும்; நாலைந்து வருடம் போனால்தான் ஓரளவு நிலைக்கும். டிஸ்பென்சரியைப் பூட்டினாலும் விடாது, பழைய வேலைக்கென்று தனியாக வால் காப்பு வாங்க வேண்டும். அறுபது வயதில் அந்தக் காசுக்கு எங்கே போவது?

என்னுடையது ‘சம்பவ அடிப்படை’. மருந்து கொடுத்த நாளில் பொலிசி இருந்தால் போதும், வழக்கு எப்போது வந்தாலும் அதுவே நிற்கும். தொடக்கத்திலேயே விலை கூட. பழைய பத்திரங்களைக் கறையான் தின்னாமல் காக்க வேண்டும்.

ஒன்றும் எடுக்காமல் சேமிப்பை நம்புவோரும் உண்டு. குழந்தை வைத்திய நிபுணர் பேராசிரியர் பிரியானி சொய்சா மீது சிகிச்சையில் கவனயீனம் என்று போட்ட வழக்கை அவர்கள் பார்க்கட்டும். மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபாய் விதித்தது. மேன்முறையீட்டில் இரண்டரை இலட்சமானது. 2001இல் உயர் நீதிமன்றம் வைத்தியர் பக்கம் தீர்ப்பளித்தது. வென்றாலும் அத்தனை வருடச் சட்டத்தரணிச் செலவு இருக்கிறதே! எந்தப் பொலிசியானாலும் அந்தச் செலவு காப்புத் தொகைக்குள்ளா வெளியேயா என்று முதலில் கேளுங்கள். உள்ளே என்றால் நட்டஈட்டுக்கு மிஞ்சுவது சொற்பம்.

இங்கிலாந்திலும் குடும்ப வைத்தியர்களை இதே சுமை அழுத்தியது. எதிர்கால இழப்புக்கான நட்டஈட்டை மொத்தமாகக் கொடுக்கும்போது, அதை முதலிட்டால் வரும் வருமானத்துக்காகக் கழிக்கும் கழிவு வீதத்தை 2017இல் 2.5 சதவீதத்திலிருந்து மைனஸ் 0.75 ஆகக் குறைத்ததும் நட்டஈடுகள் எகிறின. 2019 ஏப்ரல் 1 முதல் அரசே அவர்களின் என்.எச்.எஸ். (அரச சுகாதார சேவை) வேலைக்குப் பொறுப்பேற்றது. நமது டிஸ்பென்சரிகளுக்கு அப்படியொரு கை இல்லை.

நான் சம்பவ அடிப்படையிலேயே நின்றுவிட்டேன். ஆனால் பொலிசியைவிட என்னை உறுத்தியது வேறு. குளிசையைச் சின்னக் கடதாசி உறையில் போட்டு, மேலே ‘காலை 1, இரவு 1’ என்று எழுதிக் கொடுப்போம். அந்த உறை நோயாளியோடு போய்விடும். வழக்கு வந்தால் காட்ட என்னிடம் ஒரு வரிகூட மிஞ்சாது. இப்போது மேசையில் தடித்த கொப்பி ஒன்று இருக்கிறது. நேற்று 43 பேர் வந்தார்கள். 43 பேருக்கும் எழுதினேன், வீடு போக இரவு பத்தரை.