பிடிஎஃப் பக்கத்தைப் படமாக்க: அப்லோடா, பிரவுசரா, ஸ்கிரீன்ஷாட்டா?

ஏதோ ஒரு விண்ணப்பத்துக்கு ஆதார் ஜேபிஜியாக வேண்டும். கையில் இருப்பதோ இ-ஆதார் பிடிஎஃப். கூகுளில் தேடி, முதலில் வரும் தளத்தில் ஏற்றிவிடுவதுதான் வழக்கம். அந்தக் கோப்புக்குப் பாஸ்வேர்டு உண்டு: பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள், கூடவே பிறந்த வருடம். மாற்றித்தர வேண்டுமானால் தளத்துக்கு அதுவும் தேவை. பூட்டையும் சாவியையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறோம். ஓரிரு மணி நேரத்தில் அழித்துவிடுவதாகப் பல தளங்கள் சொல்கின்றன. அழித்திருக்கலாம், போய்ப் பார்க்கவா முடியும்? சினிமா போஸ்டர், கல்யாணப் பத்திரிகை என்றால் தாராளமாக ஏற்றுங்கள். அடையாள அட்டைக்கும் பேங்க் ஸ்டேட்மென்ட்டுக்கும் வேண்டாம்.

பிரவுசருக்குள்ளேயே மாற்றும் கருவிகள் பலவும் மோசில்லாவின் பிடிஎஃப்.ஜேஎஸ்ஸை வைத்து இயங்குபவை. ஃபயர்பாக்ஸில் பிடிஎஃப் திறப்பதும் இதே நிரல்தான். பக்கத்தை கேன்வாஸில், அதாவது பிரவுசருக்குள் இருக்கும் வரைபலகையில் வரைந்து, அதைப் படமாகச் சேமித்துத் தருகிறது. இதற்கு சர்வரே வேண்டியதில்லை. ஆனால் ‘உங்கள் கோப்பு பாதுகாப்பானது’ என்று எல்லாத் தளமும்தான் எழுதிவைக்கிறது, சோதித்துவிடுவது நல்லது. முதலில் உப்புச்சப்பில்லாத ஒரு பிடிஎஃப்பை மாற்றிப் பாருங்கள். சில கருவிகள் தமக்கு வேண்டிய நிரலை அப்போதுதான் இறக்கிக்கொள்ளும். அப்புறம் ஏரோப்ளேன் மோடு போட்டு, வைஃபையும் அணைந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டு, உண்மையான கோப்பைக் கொடுங்கள். படம் வந்தால் வேலை உள்ளேயே நடக்கிறது. டேபை மூடிய பிறகு நெட்டை ஆன் செய்யுங்கள்.

தரம் குறைவு என்று இவற்றின் மேல் ஒரு புகார் உண்டு. பெரும்பாலும் அது கருவியின் செட்டிங்ஸில் வைத்த அளவால் வரும் கோளாறு. பிடிஎஃப்பின் கணக்கில் ஓர் அங்குலம் 72 புள்ளி; அதை அப்படியே வரைந்தால் ஏ4 பக்கம் 595×842 பிக்சல்தான், எழுத்து மங்கும். 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல்) வைத்தால் 2480×3508 கிடைக்கும், அச்சுக்கும் போதும். 600-க்கு ஆசைப்பட வேண்டாம். பக்கத்துக்கு மூன்றரைக் கோடி பிக்சல் ஆகிவிடும். போன் பிரவுசர் திணறும், சில நேரம் வெறும் வெள்ளைப் படம் வரும்.

ஸ்கிரீன்ஷாட்? அவசரத்துக்குச் சரி. 1080 பிக்சல் அகலத் திரையில் முழுப் பக்கமும் தெரிய எடுத்தால் சுமார் 130 டிபிஐ தேறும்.

எழுத்து மட்டும் உள்ள பக்கத்துக்கு பிஎன்ஜி, ஸ்கேன் செய்ததற்கு ஜேபிஜி. படிவத்தில் கேபி வரம்பு இருந்தால், தரத்தைக் குறைத்துச் சுருக்க ஜேபிஜிதான் எளிது.

பிரவுசர் தோற்கும் இடம் ஒன்று உண்டு: பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து, அதை உள்ளே பதிக்காமல் உருவாக்கிய பிடிஎஃப். தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் வந்து நிற்கும். அப்லோடு தளத்திலும் அந்த எழுத்துரு இருக்க வாய்ப்பு குறைவு. எழுத்துருவைக் கணினியில் நிறுவி, அங்கேயே ஒரு பிடிஎஃப் மென்பொருளில் திறந்து படமாக்குவதுதான் வழி. இருநூறு முந்நூறு பக்கப் புத்தகத்துக்கும் கணினிதான் தோது. பாப்ளர் என்ற இலவசத் தொகுப்பில் உள்ள பிடிஎஃப்டுபிபிஎம் (pdftoppm) என்ற கருவி, ஒரே கட்டளையில் எல்லாப் பக்கத்தையும் எண் போட்டு அடுக்கிவிடும், நெட்டே வேண்டாம்.