அல்பாகாவா, செம்மறியா: பிரிட்டன் சிறுபண்ணையில் எதற்கு வேலை அதிகம்?

அல்பாகா என்பது ரோமத்துக்காக வளர்க்கும், ஒட்டகக் குடும்பத்து விலங்கு. ஐந்தாறு அல்பாகாக்களுக்குத் தினமும் அரை மணி நேரம் போதும். உலர்புல், தண்ணீர், பிறகு புழுக்கை அள்ளுவது. சில இடங்களில் மட்டுமே குவியலாகப் போடுவதால் அள்ளுவது சுலபம். அள்ளாமல் விட்டால் குடற்புழு பெருகும்.

செம்மறி வயல் முழுக்க இறைத்துவிடும், யாரும் அள்ளுவதில்லை. ஆனால் கோடையில் தினமும் வால்பக்க ரோமத்தை உற்றுப் பார்த்தே ஆகவேண்டும்: ஈ முட்டையிட்டால் புழு சதையைத் தின்னும்.

நகம் வெட்ட அல்பாகாவுக்கே அதிக வேலை, 2-3 மாதத்துக்கொருமுறை. குளிர்காலத்தில் வைட்டமின் டி-யும் தரவேண்டும்.

பெரிய வித்தியாசம் ஈற்றுக்காலத்தில்தான். செம்மறிக்கு இரவெல்லாம் விழிப்பு. அல்பாகா பெரும்பாலும் பகலிலேயே ஈனும். மாலைக்குப் பின் முக்கினால் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.