செம்பனை ஆலைத் துணியும் வாஷிங் மெஷின் நாற்றமும்: ஐந்து வருட அனுபவம்

எங்கள் வீட்டு வாஷிங் மெஷினுக்கு இந்தத் தீபாவளியோடு ஐந்து வயது. முன்பக்கம் கதவு வைத்தது, 8 கிலோ. முதல் வருடம் ஒரு குறையும் இல்லை. இரண்டாவது வருடத்தில் கதவைத் திறந்தாலே ஊறிப்போன கோணிப்பை வாடை அடிக்க ஆரம்பித்தது. அதை ஒழிக்க எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. இதே தொல்லையில் இருப்பவர்களுக்கு அந்த ஒன்றரை வருடம் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது பெஸ்தாரி ஜெயா. பழைய ஆட்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். 1917-இல் மலேசியாவில் முதன்முதலாக வியாபாரத்துக்கென்று செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் எங்கள் பக்கத்தில்தான். நானும் ஓர் எண்ணெய் ஆலையில்தான் வேலை செய்கிறேன். என் மெஷின் நாறியதற்கும் அந்த வேலைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. செம்பனை எண்ணெய், அதாவது பாமாயில், சாதாரண வெப்பத்தில் பாதி உறைந்து நிற்கும் பண்டம். 35 டிகிரிக்குப் பக்கத்தில் போனால்தான் நன்றாக உருகும். நம்மூர்க் குழாய்த் தண்ணீர் அந்தச் சூட்டை எட்டாது. பச்சைத் தண்ணீரில் துவைத்தால் சட்டையை விட்டுக் கழன்ற எண்ணெய் முழுவதும் வெளியே போவதில்லை. டிரம்மின் முதுகில், நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. மேலே சவர்க்காரத் தூளின் மிச்சமும் துணிப் பஞ்சும் படிகின்றன. அந்த வழவழப்பில்தான் கிருமி குடியிருக்கிறது.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. வாடை வந்ததும் சாஃப்ட்னரைக் கூட்டி ஊற்றினோம். அதுதான் பெரிய தவறு. சாஃப்ட்னர் என்பதே துணியில் கொழுப்பு மாதிரி ஒரு பூச்சைப் படியவிடும் பொருள். மெஷினுக்குள்ளும் அது படியாமல் இருக்காது. இரண்டு நாள் பூ வாசம் வரும், அப்புறம் பூ வாசமும் அழுகல் வாடையும் கலந்து குமட்டும்.

அடுத்து வினிகர். மூன்று மாதம், வாரம் ஒரு முறை ஊற்றினேன். பலன் சொல்லும்படியாக இல்லை. வினிகர் உப்புக் கறையைக் கரைக்கும். எங்கள் குழாயில் வருவது உப்பு குறைந்த தண்ணீர், அதனால் அதற்கு இங்கே பெரிதாக வேலை இல்லை. அடிக்கடி ஊற்றினால் கதவு ரப்பரும் கெடும். பிறகு குளோரின் பிளீச். ஒரு வாரம் நன்றாக இருந்தது, மறு வாரம் வாடை திரும்பிவிட்டது. எண்ணெய்ப் படலம் அப்படியே இருக்க, மேலே இருந்த கிருமி மட்டும் செத்திருக்கிறது. ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: வினிகரையும் பிளீச்சையும் ஒரே நேரத்தில் ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், நெஞ்சை அடைக்கும். கதவு ஜன்னல் சாத்திய அடுப்படியில் அது பெரிய ஆபத்து.

கடைசியில் கோல சிலாங்கூரிலிருந்து மெஷின் பழுது பார்க்கும் தம்பி ஒருவரை வரவழைத்தேன். முழுவதும் கழற்றிக் கழுவ 180 ரிங்கிட் வாங்கினார். டிரம்மை வெளியே எடுத்துக் காட்டியபோது எனக்கு மனசே கேட்கவில்லை. முதுகுப் பக்கம் மூன்று கை வைத்த அலுமினியத் தாங்கி ஒன்று இருக்கிறது. அதன் சந்துகளில் பழுப்பு நிறத்தில், விரலால் வழிக்கும் அளவுக்குக் கொழுப்பு. பிள்ளைகளின் பள்ளிச் சட்டையை இதற்குள்தான் இத்தனை நாள் போட்டிருக்கிறோம். "அண்ணே, சவர்க்காரம் ரொம்பப் போடுறீங்க. சுடுதண்ணியில ஒரு தடவையாவது ஓட்டினீங்களா?" என்று கேட்டார். நான் ஓட்டியதே இல்லை. கரண்ட் பில் ஏறும் என்று 60 டிகிரி பொத்தானை மூன்று வருடமாகத் தொடவே இல்லை.

அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவர். லயத்து வீட்டில் இருந்த காலத்தில் பால் வாடை ஏறிய துணியை மண்ணெண்ணெய் டின்னில் சோடா போட்டுக் கொதிக்கவைத்துத்தான் அலசுவார். "வேகவைக்காம அந்த வாடை எப்படிப் போகும்?" என்றார். தம்பி சொன்ன வழியும் கிட்டத்தட்ட அதேதான். ஆக்சிஜன் பிளீச் என்று தூளாக விற்கிறார்களே, அது சோடியம் பெர்கார்பனேட். தண்ணீரில் கரைந்ததும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சலவைச் சோடாவாகவும் பிரியும். ஒன்று கிருமியைக் கொல்லும், மற்றது கொழுப்பைப் பிடுங்கும். ஆனால் சூடு இருந்தால்தான் நன்றாக வேலை செய்யும். பச்சைத் தண்ணீரில் போட்டால் பாதிக் காசு வீண்.

கழுவிய கையோடு அவர் குழாயையும் பார்த்தார். கழிவு நீர்க் குழாயைத் தரையோடு இழுத்து லோங்காங் (சாக்கடை) வாயில் செருகியிருந்தோம். லோங்காங் காற்று அந்த வழியாக நேரே மெஷினுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. குழாயைச் சுவரோடு ஏற்றி, முக்கால் மீட்டர் உயரத்தில் ஒரு வளைவு விட்டு, பிறகு கீழே இறக்கினார். அதற்கு 10 ரிங்கிட் கொக்கி ஒன்றுதான் செலவு. உங்கள் மெஷின் பின்புறம் நின்றால் வாடை அதிகமாக இருக்கிறதா, கதவைத் திறந்தால் அதிகமா என்று முதலில் மோந்து பாருங்கள். பின்புறம் என்றால் குழாயைப் பார்த்த பிறகு மற்றதற்குச் செலவு செய்யலாம்.

அதன் பிறகு இந்த இரண்டு வருடமாக நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். ஆலைச் சட்டை மற்ற துணியோடு சேராது. வாளியில் சுடுதண்ணீரும் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டு அரை மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசிய பிறகே மெஷினுக்குப் போகும். அந்தச் சோப்பை மெஷினுக்குள் ஊற்றிவிடாதீர்கள், நுரை பொங்கி வழியும். சவர்க்காரத் தூளைப் பாதியாகக் குறைத்தோம், துணி அழுக்காக வரவில்லை. சாஃப்ட்னரை நிறுத்தியே விட்டோம். துண்டுகள் இப்போது முன்னைவிட நன்றாகத் தண்ணீரை உறிஞ்சுகின்றன. மாதம் ஒரு முறை காலி டிரம்மில் ஆக்சிஜன் பிளீச் 150 கிராம் போட்டு 90 டிகிரியில் ஓட்டுகிறோம். பில்லில் ஏறியதாக எனக்குத் தெரியவில்லை.

கீழே மூலையில் சின்ன மூடிக்குள் ஒரு வடிகட்டி இருக்கும். பலருக்கு அது இருப்பதே தெரியாது. தட்டு வைத்துவிட்டுத் திறவுங்கள், தேங்கிய தண்ணீர் கொட்டும். முதல் தடவை எனக்கு இரண்டு 20 காசும் ஒரு கொண்டை ஊசியும் கறுப்புச் சேறும் வந்தன. சவர்க்காரம் போடும் டிராயரையும் முழுதாக வெளியே இழுத்துக் கழுவ வேண்டும். அது நுழையும் பொந்தின் கூரையில் பூஞ்சை படர்ந்திருக்கும், பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். கதவு ரப்பரின் கீழ் மடிப்பில் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள் உண்டு. பஞ்சு அடைத்துக்கொண்டால் அங்கேயே தண்ணீர் தேங்கி நாறும். துவைத்து முடித்ததும் அந்த மடிப்பை ஒரு துணியால் துடைக்க அரை நிமிடம்தான்.

கதவை ஒருக்களித்து வைக்கிறோம். தங்கை பிள்ளை மூன்று வயது, வீட்டுக்கு வரும் நாளில் மட்டும் சாத்திவிடுவோம். டிரம்முக்குள் ஏறி விளையாடும் வயது அது.

சாயங்கால மழை பிடித்துக்கொள்ளும் மாதங்களில் இன்னும் கவனமாக இருக்கிறோம். மழை விட்டதும் காயப்போடலாம் என்று ஈரத் துணியை மெஷினிலேயே விட்டால் ஒரே இரவில் துணி நாறும். அதற்கு மெஷினைக் குறை சொல்ல முடியாது. அப்படிப்பட்ட நாளில் கடைத்தெரு டோபி கடையில் போய் உலர்த்தி எடுத்துவருகிறேன்.

ரப்பரில் ஊறிப்போன கரும்புள்ளிகள் மட்டும் எதற்கும் அசையவில்லை. புது ரப்பர் மாற்ற வேண்டும் என்று தம்பி சொன்னார். வாடை இல்லை என்பதால் அடுத்த சர்வீஸ் வரைக்கும் விட்டுவைத்திருக்கிறேன்.