டிபிடிபிஎஸ் குளோரைடு வாங்கலாமான்னு யோசிக்கிறவங்களுக்கு

முழுப் பேரு டெர்ட்-பியூட்டைல்டைஃபீனைல்சிலைல் குளோரைடு. நிறமில்லாத திரவம். ஆல்கஹால்ல இருக்கற ஓஹெச் அடுத்த ரியாக்ஷன்ல கெடாம இருக்க, அதுமேல தற்காலிகமா ஒரு சிலிக்கான் மூடி (சிலைல்) போட உதவும். மூணு வருஷமா இத யூஸ் பண்றேன், ஒரு டையால்ல (ரெண்டு ஓஹெச் உள்ள மாலிக்யூல்) பிரைமரி ஓஹெச்ச (ஓரத்து கார்பன்ல இருக்கறது) மட்டும் மூடணும் பக்கத்துல இருக்கற செகண்டரிய (நெருக்கமான நடு கார்பன்ல இருக்கறது) தொடக்கூடாதுன்னா நான் முதல்ல கை வெக்கிறது இந்த பாட்டில்லதான். சிலிக்கான சுத்தி ரெண்டு ஃபீனைல், ஒரு டெர்ட்-பியூட்டைல்னு அடைச்சுக்கிட்டு நிக்கறதால நெருக்கமான எடத்துக்குள்ள லேசுல நுழையாது. டிஎம்எஃப்ங்கற சால்வெண்ட்ல இமிடசோல்ங்கற பேஸ போட்டு, ஐஸ்ல வெச்சு சொட்டு சொட்டா விட்டு, ராத்திரி முழுக்க ஸ்டிர் பண்ணா காலைல முடிஞ்சிருக்கும். 1975ல ஹானேசியனும் லவாலேயும் பப்ளிஷ் பண்ண முறை, இன்னிக்கும் அப்படியே ஓடுது.

டிபிஎஸ் குளோரைடு (ரெண்டு ஃபீனைலுக்கு பதிலா ரெண்டு மெத்தில் இருக்கற சின்ன வகை) விலை கம்மியாச்சே, அதே போதாதான்னு கேப்பீங்க. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். அசிட்டோனைட (ரெண்டு ஓஹெச்ச சேத்து மூடற இன்னொரு மூடி) கழட்ட 80% அசிட்டிக் ஆசிட்ல போட்டேன், டிபிஎஸ்ஸும் சேந்து கழண்டு வந்துடுச்சு, ரெண்டு வார வேலை போச்சு. அதே ஸ்டெப்ப டிபிடிபிஎஸ் வெச்சு பண்ணப்போ சிலைல் அசையவே இல்ல. டிஎல்சிலயும் (ரியாக்ஷன் எவ்ளோ போயிருக்குன்னு பாக்கற சின்ன பிளேட்) நிம்மதி, ஃபீனைல் இருக்கறதால 254 யூவி லேம்ப்ல ஸ்பாட் கருப்பா தெரியும், ஸ்டெயின்ல முக்கி சூடு காட்ட வேண்டியதில்ல. என்எம்ஆர்ல (மாலிக்யூல் அமைப்ப காட்டற ஸ்பெக்ட்ரம்) 1.05 பிபிஎம் கிட்ட டெர்ட்-பியூட்டைலோட ஒம்போது ஹைட்ரஜனுக்கு ஒரே சிங்லெட் (பிரியாத ஒத்த கோடு), பாத்ததும் மனசு குளிரும்.

குறையும் இருக்கு. ஒரு மோலுக்கு 275 கிராம் வேணும், டிபிஎஸ்னா 151 போதும், அதனால செலவு எகிறும். மிச்சமாகற ரீஏஜென்ட் தண்ணி பட்டு ஆகற சிலனாலும் யூவில தெரியும், எனக்கு குரோமட்டோகிராஃபி காலம்ல (கலவைய பிரிக்கற குழாய்) புராடக்ட ஒட்டியே எறங்கி ரொம்ப படுத்துச்சு, 1.1 ஈக்விவலண்ட்டுக்கு (ஆல்கஹால் மோல்ல 1.1 மடங்கு) மேல போடாம விட்டதும் சரியாச்சு. ஒரு தடவ வந்த பாட்டில்ல மூடி லூசா இருந்துச்சு, ஈரம் ஏறி நல்ல பங்கு சிலனாலா மாறிடுச்சு, ரெண்டு ரியாக்ஷன் ஃபெயில் ஆனப்புறம் என்எம்ஆர் எடுத்துதான் கண்டுபிடிச்சேன். சின்ன பேக்கா, செப்டம் (ஊசி குத்தி எடுக்கற ரப்பர்) மூடி போட்டதா வாங்குங்க.

கழட்ட டிஎச்எஃப் சால்வெண்ட்ல டிபிஏஎஃப் (ஒரு ஃபுளோரைடு உப்பு) போதும். பேஸ் தாங்காத மாலிக்யூல்னா கொஞ்சம் அசிட்டிக் ஆசிட் சேத்துக்கோங்க. ரெண்டே ஸ்டெப்ல எடுத்துடப் போறீங்கன்னா டிபிஎஸ்ஸே போதும், நடுவுல ஆசிட் ஸ்டெப் வருதுன்னா யோசிக்காம இத வாங்குங்க.