சேண ஸ்டூல்: பத்து மாதம் உட்கார்ந்து பார்த்த பிறகு

திருநெல்வேலியில் ஒரு பல் கிளினிக்கில் ஹைஜீனிஸ்ட்டாக வேலை பார்க்கிறேன். தினமும் ஏழெட்டு ஸ்கேலிங், அதாவது பல்லில் படிந்த காரையை எடுத்துச் சுத்தம் செய்யும் வேலை. போன வருடம் வலது தோள்பட்டையில் பிடித்த வலி, ராத்திரி தலைவாரக்கூட விடவில்லை. அப்போதுதான் குதிரைச் சேணம் போல இருக்கிற இந்த ஸ்டூலை 11,500 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கினேன்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். என் உயரம் 4 அடி 11 அங்குலம். வந்த ஸ்டூலை அடிவரை இறக்கி டேப் வைத்து அளந்தால் 58 செ.மீ. உட்கார்ந்தால் கால் நுனிதான் தரையில் படுகிறது. பாதம் முழுதாக ஊன்றாவிட்டால் சேண ஸ்டூலே வீண். தொடையின் அடிப்பக்கம் அழுந்தி, உடம்பு முன்னால் வழுக்கும். விற்றவர்களிடம் கேட்டால், "எல்லாருக்கும் இந்த சைஸ்தான் மேடம்" என்றார்கள். ஹைஜீனிஸ்ட்டுகளில் என்னைப் போலக் குட்டையானவர்களும் இருக்கிறார்கள், இவர்கள் யாருக்காகச் செய்கிறார்களோ தெரியவில்லை. கடைசியில் நாற்காலி ரிப்பேர் செய்யும் ஒரு அண்ணாச்சி இருக்கையை ஏற்றி இறக்கும் சிலிண்டரை எடுத்துவிட்டு, 1,400 ரூபாய்க்குக் குட்டை சிலிண்டர் மாற்றிக் கொடுத்தார். இப்போது 48 வரை இறங்குகிறது.

அப்புறம்தான் ஸ்டூலின் அருமை தெரிந்தது. பழைய வட்ட ஸ்டூலில் தொடை தரைக்கு இணையாக இருக்கும். இடுப்பு பின்னால் சரியும், முதுகு கூன் போடும், கழுத்து முன்னால் நீளும். இதில் தொடை சரிந்து இறங்குவதால் இடுப்பு தானாக நிமிர்கிறது. முழங்கால் தாழ்ந்திருப்பதால், நோயாளியின் தலைக்குப் பின்னால், பன்னிரண்டு மணி நிலையில், கால் இடிக்காமல் நெருங்கி உட்கார முடிகிறது.

முதல் பத்து நாள் உட்காரும் எலும்பு வலித்தது, பயந்துவிடாதீர்கள். நான் காலையில் இரண்டு கேஸ் மட்டும் இதில் பார்த்து, மெல்லக் கூட்டினேன். புடவை கட்டினால் இதில் உட்கார முடியாது; சுடிதார்தான் சரி. காரை எடுக்கும் ஸ்கேலர் கருவியைக் காலால் இயக்கும் பெடலையும் பாதத்துக்குப் பக்கத்திலேயே இழுத்து வைத்துக்கொண்டேன். தள்ளி இருந்தால் ஒரு காலை நீட்டி, மொத்த எடையையும் ஒரே பக்கம் போட வேண்டியிருக்கும்.

ஆனால் தோள் வலி குறைந்ததற்கு முழுப் புகழும் ஸ்டூலுக்கு இல்லை. ஸ்டூலில் ஏறியதும் நான் உயர்ந்துவிட்டேன், நோயாளியின் நாற்காலியோ பழைய உயரத்திலேயே இருந்தது. ஒரு வாரம் முன்பைவிட அதிகமாகக் குனிந்தேன். இப்போது நோயாளியின் வாய் என் முழங்கை மட்டத்துக்கு வரும்வரை நாற்காலியை ஏற்றிக்கொள்கிறேன். மேல் பல்லுக்குப் போகும்போது முழுசாகப் படுக்கவைத்து, "அண்ணாச்சி, நாடியைக் கொஞ்சம் மேலே தூக்குங்க" என்பேன். முன்பெல்லாம் நோயாளியிடம் தலையைத் திருப்பச் சொல்லக் கூச்சப்பட்டு என் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

கட்டைவிரல் வலிக்கு ஸ்டூல் ஒன்றும் செய்யாது. அதற்கு க்யூரெட்டை (கையால் காரை சுரண்டும் கருவி) தீட்டி வைத்து, தடித்த பிடியுள்ளதாக வாங்க வேண்டும்.

ரெக்சின் உறை இன்னும் கிழியவில்லை, சக்கரம் டைல்ஸில் நன்றாக ஓடுகிறது. ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். கழற்றிய நீளச் சிலிண்டர் ஆட்டோகிளேவ் (கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் இயந்திரம்) இருக்கும் மேஜைக்கு அடியில் கிடக்கிறது; ஐந்தரை அடிக்கு மேல் இருப்பவர் யாராவது கேட்டால் சும்மாவே தருகிறேன்.