மங்குக்குப் பீல் சிகிச்சை: பாளையங்கோட்டைத் தோல் மருத்துவமனை ஒன்று

இரண்டாவது பிரசவத்துக்குப் பின் நெற்றியிலும் இரு கன்னங்களிலும் படிந்து, எந்தக் களிம்புக்கும் அசையாத மங்கு என்னும் கருந்திட்டுகளுக்காகப் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் தோல் மருத்துவமனையில் சில மாதங்களாகச் சிகிச்சை பெற்றுவருகிறேன். லேசர் வைத்தால் ஒரேயடியாகப் போய்விடும் என்று நம்பி வருபவர்களை இங்குள்ள மருத்துவர் முதலில் ஏமாற்றமடையவே செய்வார். என் கணிப்பில் இந்த இடத்தின் சிறப்பே அதுதான்.

உட்ஸ் விளக்கு எனும் புறஊதா விளக்கின் ஒளியில் நிறமி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்த்தபின், நம்மைப் போன்ற மாநிறத் தோலில் 1064 நானோமீட்டர் லேசரின் வெப்பமே நிறமிச் செல்களைத் தூண்டி மங்கை முன்னிலும் கருமையாக்கிவிடக்கூடும் என்பதால், அதைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். கருத்தடை மாத்திரை உண்டா, ஸ்டீராய்டு கலந்த களிம்பு ஏதும் தடவியதுண்டா என்றும் விசாரித்தார்.

சில வாரங்கள் சன்ஸ்கிரீனும் இரவுக் களிம்பும் பழகிய பிறகே கிளைகோலிக் அமில பீல், அதாவது அமிலம் தடவித் தோலின் மேற்படலத்தை உரியவைக்கும் சிகிச்சை, தொடங்கியது. குறைந்த செறிவுள்ள அமிலத்தைத் தூரிகையால் தடவி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்று, சோடியம் பைகார்பனேட் கரைசலால் அதைச் செயலிழக்கச் செய்து துடைக்கிறார்கள். எரிச்சல் பொறுக்கக்கூடியதே. பின்னர் சில நாட்கள் தோல் பொருக்காக உரியும். அதைப் பிய்க்கக் கூடாது.

நெற்றியில் மங்கு ஏறக்குறைய மறைந்துவிட்டது. கன்னங்களில் வெளிறி நிற்கிறது. வெயில் பட்டால் திரும்பிவரும் என்று முதல் நாளே சொல்லிவிட்டதால் அதில் எனக்குக் குறையில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கருக்கச் செய்வதால், இரும்பு ஆக்சைடு சேர்ந்த, நிறமூட்டிய சன்ஸ்கிரீனையே எழுதித் தருகிறார்கள். அவற்றுள் பலவும் வெளிறிய தோலுக்கென்றே கலந்தவை போலும். நம் முகத்தில் விபூதி பூசியதுபோல் தெரிகின்றன. நமக்கேற்ற சாயலை வண்ணார்பேட்டை மருந்துக்கடைகளில் தேடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

குறை வரவேற்பு மேசையில்தான். மருத்துவர் ஒவ்வொரு முறையும் முகத்தைப் பார்த்தே அடுத்த பீலை முடிவு செய்கையில், வெளியே இருப்பவர்கள் மொத்தமாக ஒரு ‘பேக்கேஜுக்கு’ முன்பணம் கட்டச் சொல்லி வற்புறுத்துகிறார்கள். மறுத்தால் அவ்வப்போது கட்டுவதற்கும் ஒத்துக்கொள்கிறார்கள். சனிக்கிழமைக் காத்திருப்பும் நீளம்.

அக்கினி நட்சத்திர வெயிலில் அலைய வேண்டியவர்கள் பீலை அதன்பின் தொடங்குவது நல்லது. செலவுக்குத் தயங்குவோர், இது மங்குதானா என்பதை முதலில் இதே ஊர் ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையின் தோல்நோய்ப் பிரிவில் காட்டித் தெரிந்துகொள்ளலாம்.